செயற்கைக்கோளோடு பேச ஓர் ஆண்டெனா: செய்வதா, வாங்குவதா?

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமம் கிடைத்த முதல் மாதத்தில் நான் ஒரு செயற்கைக்கோளைக்கூடக் கேட்கவில்லை. மாடியில் உயரமான கம்பம், அதன் உச்சியில் 2 மீட்டர், 70 செ.மீ என்ற இரண்டு பேண்டுக்கும் (அதிர்வெண் பட்டைக்கும்) சேர்த்து ஒரு நெட்டுக்குத்தான ஆண்டெனா, அங்கிருந்து ரேடியோவுக்கு 15 மீட்டர் ஆர்.ஜி-58 கேபிள். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும், தரையிலுள்ள ரிப்பீட்டர்களோடு பேச இது அருமையாக உதவியது. ஆனால் சர்வதேச விண்வெளி நிலையம் நேர் தலைக்கு மேல் போகும்போதுகூட வெறும் இரைச்சல்தான் வந்தது. பிறகு ஒரு நண்பர், மரச்சட்டத்தில் கம்பிகளைச் செருகி அவரே செய்த, ஒரே திசையை நோக்கும் யாகி ஆண்டெனா ஒன்றைக் கொடுத்தார். ஒரு மீட்டர் கேபிள், கையில் ஆண்டெனா, அதே ரேடியோ. நிலையம் அடிவானத்தைத் தாண்டி மேலே வந்ததுமே குரல்கள் தெளிவாகக் கேட்டன.

ரேடியோ மாறவில்லை. என்ன மாறியது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டபோது மூன்று விடைகள் கிடைத்தன. 437 மெகாஹெர்ட்ஸில் அந்த 15 மீட்டர் கேபிள், வந்த சிக்னலில் கிட்டத்தட்ட முக்கால்வாசியைத் தின்றிருந்தது. அந்த நெட்டு ஆண்டெனா தன் திறனையெல்லாம் அடிவானத்தை நோக்கிக் குவித்துவிட்டதால், மேலே பார்க்க அதற்குக் கண்ணே இல்லை. கையில் இருந்த யாகியையோ, சிக்னல் மங்கும்போதெல்லாம் நான் என்னையறியாமலே மணிக்கட்டால் திருப்பிக்கொண்டிருந்தேன். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த மூன்றையும் சுற்றித்தான் போகும். செயற்கைக்கோள் ஆண்டெனா என்பது முதலில் காது, அதற்குப் பிறகுதான் வாய். 5 வாட் கைரேடியோ ஒன்றே எஃப்.எம் செயற்கைக்கோளை எட்டப் போதும். திரும்பி வருவதைக் கேட்பதுதான் கடினம். கேட்காமல் சத்தமாக அனுப்பிக்கொண்டே இருப்பவரை ஹாம் வட்டத்தில் முதலை என்பார்கள்: பெரிய வாய், சின்னக் காது.

முதலில் வானத்தின் கணக்கு

கம்பியையோ பணத்தையோ எடுக்கும் முன் தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ உயரத்தில் சுற்றுகிறது. நேர் தலைக்கு மேல் வரும்போது நமக்கும் அதற்கும் 400 கி.மீ. அடிவானத்தில் எழும்போதோ சுமார் 2,300 கி.மீ. இரண்டுக்கும் இடையே சிக்னலில் 15 டெசிபெல் வேறுபாடு, அதாவது ஏறத்தாழ 30 மடங்கு. ஆக, கஷ்டம் அடிவானத்துக்குப் பக்கத்தில்தான். உச்சியில் இருக்கும்போது சாதாரண ஆண்டெனாவே போதும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு நாளில் வரும் பாஸ்களில் பெரும்பாலானவை 30 டிகிரி ஏற்றக்கோணத்தை (அடிவானத்திலிருந்து மேல்நோக்கி அளக்கும் கோணம்) தாண்டுவதே இல்லை. செயற்கைக்கோள் நம் வானத்தைக் கடக்கும் ஒரு பயணத்தைத்தான் பாஸ் என்கிறோம். நல்ல உயரத்துக்கு வரும் பாஸிலும் முதல் சில நிமிடங்களும் கடைசிச் சில நிமிடங்களும் தாழ்வாகவே கழியும். அதனால் உங்கள் ஆண்டெனா 10 முதல் 40 டிகிரி வரையிலான வானத்தில் திறமையாக இருந்தால் போதும்.

பயன்படும் அதிர்வெண்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகளுக்குள் அடங்கும்: 2 மீட்டர் பேண்டில் 145.8 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 70 செ.மீ பேண்டில் 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ். பெரும்பாலான எஃப்.எம் செயற்கைக்கோள்களில் நாம் 2 மீட்டரில் அனுப்புவோம், 70 செ.மீட்டரில் கேட்போம். சில இதற்கு நேர்மாறு. எஃப்.எம் வகை அல்லாத, 1974 நவம்பரில் ஏவப்பட்ட ஏ.ஓ-7உம் அப்படிப்பட்டது. அதன் பேட்டரி 1981இல் பழுதாகி அது மௌனமானது. 2002இல் யாரும் எதிர்பாராத நேரத்தில் மீண்டும் கேட்கத் தொடங்கியது. பேட்டரி இல்லாமல், சூரிய ஒளி படும்போது மட்டும் விழிக்கிறது. என்னைவிட மூத்த அந்தக் கருவியின் வழியே பேசிய நாளை என் பதிவேட்டில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

போலரைசேஷன்: புத்தகம் ஒரு வரியில் கடந்துபோவது

ரேடியோ அலையின் மின்புலம் எந்தத் தளத்தில் அதிர்கிறதோ அதுதான் அதன் போலரைசேஷன். கம்பி நெட்டுக்குத்தாக இருந்தால் அலையும் நெட்டுக்குத்து, படுக்கையாக இருந்தால் படுக்கை. அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் 20 டெசிபெல்லோ அதற்கு மேலோ இழப்போம். தரையில் எல்லோரும் நெட்டுக்குத்தாக வைத்துக்கொள்வதால் இது சிக்கலே இல்லை. வானத்திலோ செயற்கைக்கோள் உருண்டுகொண்டே போகிறது. அதன் ஆண்டெனா இந்த நொடி நெட்டாக இருக்கும், சற்று நேரத்தில் படுத்துவிடும். போதாக்குறைக்கு அயனிமண்டலம் அலையின் தளத்தை வழியிலேயே திருப்பிவிடுகிறது. இதனால்தான் சிக்னல் சில நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. புதிதாக வருபவர்கள் இதைத் தங்கள் ரேடியோவின் கோளாறு என்று எண்ணிவிடுகிறார்கள்.

தீர்வு இரண்டு. ஒன்று, மின்புலம் ஒரே தளத்தில் நிற்காமல் சுழன்றுகொண்டே போகும் வட்டப் போலரைசேஷன் கொண்ட ஆண்டெனா. அலை எந்தத் தளத்தில் வந்தாலும் 3 டெசிபெல் மட்டும் இழந்து மற்றதைப் பிடித்துவிடும். ஆனால் சுழற்சியின் திசை முக்கியம். வலச்சுழி அலையை இடச்சுழி ஆண்டெனாவால் பிடிக்கப் பார்த்தால் பழைய 20 டெசிபெல் இழப்பு மறுபடி வந்து நிற்கும். இரண்டாவது தீர்வு, கையில் பிடித்த சாதாரண யாகியைச் சிக்னல் மங்கும்போது மணிக்கட்டால் திருப்புவது. 90 டிகிரிக்குள் எங்கோ ஓரிடத்தில் சிக்னல் எழும். அந்த இடத்தில் 3 டெசிபெல் இழப்புகூடக் கிடையாது. கைப்பிடி யாகியை நான் இவ்வளவு பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

எந்த வகை உங்களுக்கு?

கைரேடியோவோடு வரும் குட்டை ரப்பர் ஆண்டெனாவில் விண்வெளி நிலையம் உச்சியில் வரும்போது சில வார்த்தைகள் கேட்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அதை எடுத்துவிட்டு 49 செ.மீ நீளமுள்ள நீட்டுக் கம்பி ஆண்டெனாவைப் பொருத்தினால் முன்னேற்றம் தெரியும். 2 மீட்டருக்குக் கால் அலைநீளமான அந்தக் கம்பி, 70 செ.மீட்டருக்கு முக்கால் அலைநீளமாகி அங்கும் ஓரளவு வேலை செய்யும். அதைச் செயற்கைக்கோளை நோக்கி நீட்டாதீர்கள். கம்பியின் நுனித் திசைதான் அதன் குருட்டுத் திசை. பக்கவாட்டு அதை நோக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள்.

டர்ன்ஸ்டைல், லிண்டன்பிளாட், எக்பீட்டர், நான்கு கம்பி முறுக்குகள் கொண்ட கியூ.எஃப்.எச் ஆகியவை வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கும். திருப்பவே வேண்டாம். தானாகக் கேட்டுப் பதிவு செய்யும் நிலையத்துக்கு இவை ஏற்றவை. ஆனால் எல்லாத் திசையையும் பார்ப்பதால் எந்தத் திசையிலும் கூர்மை இராது. ஆண்டெனாவின் காலடியிலேயே குறைந்த இரைச்சல் பெருக்கி ஒன்று வைத்தால்தான் தாழ்வான பாஸ்களில் பயன் தரும்.

கேட்பது மட்டுமே நோக்கமென்றால் வி-டைபோல் போல எளியது வேறில்லை. 49 செ.மீ நீளத்தில் இரண்டு கம்பிகள், நடுவே 120 டிகிரி கோணம், தரைக்கு இணையாகப் படுக்கவையுங்கள். கோஆக்ஸின் (ஆர்.ஜி-58 போன்ற ஆண்டெனா கேபிளின்) நடுக்கம்பியை ஒன்றிலும், அதைச் சுற்றியுள்ள உலோக வலையை மற்றொன்றிலும் இணையுங்கள். விண்வெளி நிலையம் அவ்வப்போது 145.8 மெகாஹெர்ட்ஸில் எஸ்.எஸ்.டி.வி (ஒலியாக மாற்றி மெதுவாக அனுப்பும்) படங்களை அனுப்பும்போது இதையும், கணினியில் செருகும் சிறு ரேடியோவான ஒரு ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர் டாங்கிளையும் வைத்தே படத்தை இறக்கிவிடலாம்.

இருவழி உரையாடலுக்கு யாகிதான். 2 மீட்டருக்கு 3 எலிமெண்ட் (குறுக்குக் கம்பி), 70 செ.மீட்டருக்கு 5 முதல் 7 எலிமெண்ட். இதற்கு மேல் பெரிதாக்கினால் கற்றை குறுகி, கையால் குறிபார்ப்பது சிரமமாகும். எடையும் தோளை இழுக்கும்.

வாங்குவதாக இருந்தால்

கைப்பிடி ஆண்டெனாக்களில் உலகெங்கும் பெயர்பெற்றவை இரண்டு. ஆரோ நிறுவனத்தின் யாகியில் அலுமினிய அம்புத் தண்டுகளே எலிமெண்டுகள்: 2 மீட்டருக்கு 3, அதற்குக் குறுக்காக 70 செ.மீட்டருக்கு 7. கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு பேண்டுக்கும் தனித்தனி இணைப்பு. ஒரே ரேடியோவோடு சேர்க்க, இரண்டு பேண்டையும் ஒரே கேபிளில் சேர்த்துப் பிரிக்கும் டிப்ளெக்சர் கைப்பிடிக்குள் அடங்கிய மாடலும் உண்டு. எல்க் நிறுவனத்தினுடையது 5 எலிமெண்ட் கொண்ட, பரந்த அதிர்வெண் வரம்பில் வேலை செய்யும் லாக்-பீரியாடிக் வகை. இரண்டு பேண்டுக்கும் ஒரே இணைப்பு, ஒரே தளம். ஒரே கைரேடியோ வைத்திருப்பவருக்கு எல்க் எளிது. இரண்டு ரேடியோக்கள் வைத்துப் பேசிக்கொண்டே கேட்க விரும்புபவருக்கு ஆரோ வசதி. என்னிடம் கேட்டால் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். காரணம் பின்னால் வரும்.

எந்த நிறுவனத்தினுடையதானாலும் சில விஷயங்களைப் பார்த்து வாங்குங்கள். ஆதாயத்தை, அதாவது ஒரு திசையில் சிக்னலைக் குவிக்கும் அளவை, எந்த அலகில் சொல்கிறார்கள்? இரண்டு கை கொண்ட எளிய டைபோலை ஒப்பிட்டுச் சொல்வதற்கும், எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆண்டெனாவை ஒப்பிட்டுச் சொல்வதற்கும் 2.15 டெசிபெல் வேறுபாடு உண்டு. வெறும் டெசிபெல் என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். பரந்த பேண்ட் முழுக்க எஸ்.டபிள்யூ.ஆர் (ஆண்டெனாவிலிருந்து திறன் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) குறைவு என்பது பெருமையல்ல. சிக்னலை வெப்பமாக்கி விழுங்கும் டம்மி லோடுக்கும் எஸ்.டபிள்யூ.ஆர் ஒன்றுதான். கனெக்டர் பி.என்.சி என்றால் கைப்பிடிக்கு நல்லது, கம்பத்தில் நிற்பதற்கு 'N' எழுத்து வகைக் கனெக்டர். டிப்ளெக்சர் எத்தனை வாட் தாங்கும் என்று பாருங்கள். 10 வாட்டுக்குச் செய்ததில் 50 வாட் வாகன ரேடியோவை இணைத்தால் அது எரிந்துபோகும்.

அதிக ஆதாயம் என்ற விளம்பரத்தோடு வரும் நீண்ட நெட்டு ஆண்டெனாவைச் செயற்கைக்கோளுக்காக வாங்க வேண்டாம். நான் அந்த ஒரு மாதத்தைத் தொலைத்தது அதில்தான்.

செய்வதாக இருந்தால்

டபிள்யூ.ஏ5வி.ஜே.பி என்ற அழைப்புக்குறி கொண்ட கென்ட் பிரிட்டன் வடிவமைத்த மலிவு யாகிகள் ஹாம்களிடையே பிரபலம். அவற்றின் அழகு ஓட்டப்பட்ட எலிமெண்டில் இருக்கிறது. கேபிள் இணையும் எலிமெண்டுக்குத்தான் அந்தப் பெயர். பொதுவாக யாகியின் மின்தடையை 50 ஓமுக்குக் கொண்டுவர ஏதாவது பொருத்துச்சுற்று தேவைப்படும். இங்கே அந்த எலிமெண்டை ஜே எழுத்துபோல மடித்து, மற்ற எலிமெண்டுகளின் இடைவெளியையும் அதற்கேற்பக் கணக்கிட்டு, கோஆக்ஸை நேரடியாகப் பற்றவைக்கும்படி செய்திருக்கிறார். கீழுள்ள அளவுகள் அந்த வழியைப் பின்பற்றியவை.

தேவையானவை: சுமார் 90 செ.மீ நீளமும் 2 செ.மீ சதுரமும் உள்ள காய்ந்த மரச்சட்டம். நேரான 3 மி.மீ அலுமினியக் கம்பி. ஓட்டப்பட்ட எலிமெண்டுகளுக்கு மட்டும் அதே தடிமனில் பித்தளை அல்லது செம்புக் கம்பி, ஏனென்றால் அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. மெல்லிய 50 ஓம் கோஆக்ஸ், கனெக்டர்கள், எபாக்சி பசை, கம்பி முனைகளுக்கு ரப்பர் மூடிகள். மூடிகளை அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இருட்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டு இந்த ஆண்டெனாவைச் சுழற்றப்போகிறீர்கள். பக்கத்தில் நிற்பவரின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

சட்டத்தின் ஒரு முனையில் 20 செ.மீட்டரைக் கைப்பிடிக்கு விட்டுவிடுங்கள். அங்கே ஒரு கோடு போட்டு அதைச் சுழி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடங்களையும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு எலிமெண்டிலிருந்து அடுத்ததுக்கு என்று அளந்துகொண்டு போனால் ஒவ்வொரு மில்லிமீட்டர் பிழையும் சேர்ந்துகொண்டே வரும்.

70 செ.மீ பேண்டுக்கான எலிமெண்டுகள், சட்டத்தின் ஒரு தளத்தில்:

பிரதிபலிப்பான்: இடம் 0, நீளம் 34 செ.மீ
ஓட்டப்பட்ட எலிமெண்ட்: இடம் 6.4 செ.மீ
முதல் இயக்குவான் (கற்றையை முன்னோக்கிக் குவிக்கும் கம்பி): இடம் 14 செ.மீ, நீளம் 31.5 செ.மீ
இரண்டாவது: இடம் 28.6 செ.மீ, நீளம் 30.5 செ.மீ
மூன்றாவது: இடம் 44.5 செ.மீ, நீளம் 30.5 செ.மீ
நான்காவது: இடம் 61 செ.மீ, நீளம் 28 செ.மீ

2 மீட்டர் பேண்டுக்கானவை, முதல் தளத்துக்குச் செங்குத்தான தளத்தில்:

பிரதிபலிப்பான்: இடம் 3 செ.மீ, நீளம் 103 செ.மீ
ஓட்டப்பட்ட எலிமெண்ட்: இடம் 24.5 செ.மீ
இயக்குவான்: இடம் 53 செ.மீ, நீளம் 93 செ.மீ

இரண்டு தொகுதிகளும் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் ஒன்றை ஒன்று அதிகம் தொந்தரவு செய்யாது. 2 மீட்டர் தொகுதியை 3 செ.மீ தள்ளி வைத்ததற்குக் காரணம், துளைகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கத்தான். துளையிடும்போது கைத்துரப்பணம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எலிமெண்ட் சற்றுச் சாய்ந்தால் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தால் கற்றை கலையும். கம்பியின் நடுப்புள்ளியில் முதலிலேயே பேனாவால் குறியிட்டு, அந்தக் குறி சட்டத்தின் மையத்துக்கு வரும்வரை தள்ளி, பிறகு பசை வையுங்கள். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை 70 செ.மீ பேண்டில் பொறுத்துக்கொள்ளலாம். மரத்துக்குப் பதில் உலோகக் குழாய் வைத்தால் இந்த நீளங்கள் பொருந்தாது. உலோகம் எலிமெண்டைச் சுருக்கிக் காட்டும், அதற்குத் தனித் திருத்தம் வேண்டும். எனவே முதல் ஆண்டெனாவுக்கு மரமே நல்லது.

இப்போது ஜே. 70 செ.மீ பேண்டுக்கு 52 செ.மீ பித்தளைக் கம்பி எடுங்கள். நீளமான கை சுமார் 33.5 செ.மீ வரும்படி ஒரு முனையில் வளைத்து, 1.3 செ.மீ இடைவெளி விட்டு, மீதியை இணையாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். திரும்பி வரும் குட்டைக் கை நீளக் கையின் நடுப்புள்ளிக்கு எதிரே முடிய வேண்டும். கூடுதலாக இருப்பதை வெட்டிவிடுங்கள். நீளக் கை சட்டத்தின் துளை வழியாகப் போகும். கோஆக்ஸின் வலையை நீளக் கையின் நட்டநடுவிலும், நடுக்கம்பியைக் குட்டைக் கையின் முனையிலும் பற்றவையுங்கள். நீளக் கையின் நடுவில் மின்னழுத்தம் கிட்டத்தட்டச் சுழி என்பதால்தான் வலையை அங்கே வைக்க முடிகிறது. பற்றவைக்கும் இடத்தில் வலையும் நடுக்கம்பியும் பிரிந்து நிற்கும் நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இந்த அதிர்வெண்ணில் 2 செ.மீ கம்பியும் ஒரு சுருளாக நடந்துகொள்ளும்.

2 மீட்டருக்கு இதே வேலை, பெரிய அளவில்: நீளக் கை சுமார் 98 செ.மீ, இடைவெளி 2.5 செ.மீ. இரண்டு கேபிள்களையும் சட்டத்தோடு ஒட்டிப் பின்பக்கமாகக் கைப்பிடிவரை கொண்டுவந்து கட்டுங்கள். பற்றவைத்த இடங்களில் எபாக்சி பூசலாம், ஆனால் அளந்து முடித்த பிறகு.

அளப்பதும் வெட்டுவதும்

ஆண்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆரை அளக்கும் நானோவி.என்.ஏ என்ற சிறு கருவி வந்த பிறகு இந்த வேலை மிக எளிதாகிவிட்டது. ஆண்டெனாவை இணைக்கப்போகும் இடத்திலேயே திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் சுமை மூன்றையும் வைத்துக் கருவியைச் சரிசெய்யுங்கள். பிறகு ஆண்டெனாவைத் திறந்த வெளியில், வானத்தை நோக்கி, உடம்பிலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கிப் பிடித்து அளக்க வேண்டும். மேசைமேல் வைத்து அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

எஸ்.டபிள்யூ.ஆர் மிகக் குறையும் இடம் 436 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் ஜேயின் நீளக் கையில், வளையாத முனையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெட்டுங்கள். மறுபடி அளங்கள். 2 மீட்டருக்குக் குறி 145.9. முதலில் நீளமாக விட்டது இதற்காகத்தான். வெட்டலாம், ஒட்ட முடியாது. 1.5க்குக் கீழே வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். 2 இருந்தாலும் அனுப்பும் திறனில் 11 சதவீதம்தான் திரும்புகிறது, அது அரை டெசிபெல். அந்த அரை டெசிபெல்லைத் துரத்தி ஒரு மாலையைச் செலவிடுவதைவிடக் கேபிளை ஒரு மீட்டர் குறைப்பது மேல்.

கேபிள், டிப்ளெக்சர், மூன்றாவது ஹார்மோனிக்

437 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் ஆர்.ஜி-58 மூன்றரை டெசிபெல் அளவுக்கு விழுங்கும். அதாவது பாதிக்கு மேல் போய்விடும். எல்.எம்.ஆர்-400 வகைத் தடித்த கேபிளில் அதே நீளத்துக்கு இழப்பு ஒரு டெசிபெல்லைத் தாண்டாது. கையில் பிடித்து ஒரு மீட்டர் கேபிளில் பேசுபவருக்கு இந்தக் கவலையே இல்லை. கம்பத்தில் ஏற்றுபவர்கள் 70 செ.மீட்டருக்கான பெருக்கியை ஆண்டெனாவின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பெருக்கிக்கு முன்னால் இழந்ததை அதற்குப் பின்னால் எவ்வளவு பெருக்கினாலும் மீட்க முடியாது. அந்தக் கேபிளிலேயே அனுப்பவும் செய்தால், அனுப்பும் நேரத்தில் பெருக்கியை விலக்கிவைக்கும் ரிலே கட்டாயம்.

அடுத்தது, பலரைக் குழப்பும் ஒரு கணக்கு. 145.9ஐ மூன்றால் பெருக்குங்கள்: 437.7. நீங்கள் அனுப்பும் அலையின் மூன்றாவது ஹார்மோனிக் நீங்கள் கேட்க வேண்டிய பேண்டின் நடுவிலேயே விழுகிறது. பேச்சுப் பொத்தானை அழுத்தியதும் செயற்கைக்கோளின் குரல் அமுங்கிப்போனால் சந்தேகமே வேண்டாம், உங்கள் ரேடியோதான் உங்கள் காதை அடைக்கிறது. இரண்டு ரேடியோக்களுக்கு நடுவே நல்ல டிப்ளெக்சரோ, கேட்கும் பக்கத்தில் 2 மீட்டரைத் தடுக்கும் வடிகட்டியோ, அனுப்பும் பக்கத்தில் ஹார்மோனிக்கைத் தடுக்கும் வடிகட்டியோ வையுங்கள். தனித்தனி கேபிள்களும் செங்குத்துத் தளங்களும் கொண்ட இந்த யாகியில் சிக்கல் முதலிலேயே குறைந்துவிடும். அனுப்பும் திறனையும் 5 வாட்டோடு நிறுத்துங்கள்.

இவ்வளவு மெனக்கெட்டும் பேசிக்கொண்டே கேட்கும் வசதி ஏன் வேண்டும்? உங்கள் குரல் செயற்கைக்கோளை எட்டுகிறதா என்பதை உங்கள் காதாலேயே அறியலாம், அதனால்தான். ஒரு எஃப்.எம் செயற்கைக்கோளில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடியும். தன் குரல் திரும்புவதைக் கேட்காதவர் மற்றவர்மேல் ஏறிப் பேசுகிறார், அது அவருக்குத் தெரிவதுமில்லை. இதை மரியாதை சார்ந்த விஷயமாகவே நான் பார்க்கிறேன்.

கையிலிருந்து கம்பத்துக்கு

ஓராண்டு கையில் பிடித்துப் பழகிய பிறகு இந்தப் பகுதிக்கு வந்தாலும் போதும். நிலையான நிலையம் என்றதும் எல்லோரும் இரண்டு அச்சிலும் சுழலும் யேசு ஜி-5500 போன்ற ரோட்டேட்டரை நினைப்பார்கள். அது தேவைப்படாமலே போகலாம். நடுத்தர யாகியை 15 முதல் 20 டிகிரி நிமிர்த்தி அசையாமல் கட்டி, திசையை மட்டும் திருப்பும் சாதாரண ரோட்டேட்டரில் வைத்தால் பாஸ் நேரத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடும். உச்சியில் நழுவும் சில நிமிடங்களில் செயற்கைக்கோள் அருகில் இருப்பதால் கற்றையின் ஓரமே சமாளித்துக்கொள்ளும். ரோட்டேட்டரைச் சொந்தமாகச் செய்ய ஆசைப்படுபவர்கள், 2014இல் ஹாக்கடே பரிசு வென்ற சேட்நாக்ஸ் திட்டத்தின் திறந்த வடிவமைப்புகளைப் பார்க்கலாம். பாகங்களை முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்ள முடியும்.

கம்பத்தில் இருக்கும் யாகியை மணிக்கட்டால் திருப்ப முடியாது. எனவே இங்கே வட்டப் போலரைசேஷன் தேவைப்படுகிறது. ஒரே சட்டத்தில் இரண்டு யாகிகளைக் குறுக்காக வைத்து, ஒன்றை மற்றொன்றைவிடக் கால் அலைநீளம் முன்தள்ளி, இரண்டுக்கும் ஒரே கட்டத்தில் சிக்னல் கொடுத்தால் வட்டச்சுழற்சி கிடைக்கும்.

கியூ.ஓ-100 என்ற செயற்கைக்கோள் முற்றிலும் வேறு உலகம். 2018 நவம்பரில் ஏவப்பட்ட இது கிழக்குத் தீர்க்கரேகை 25.9 டிகிரியில் 35,786 கி.மீ உயரத்தில் அசையாமல் நிற்கிறது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா வரை அதன் பார்வையில் உள்ளன. தொலைக்காட்சி டிஷ்ஷும் அதன் குவியத்தில் இருக்கும் வாங்கியான எல்.என்.பியும் வைத்து 10 கிகாஹெர்ட்ஸில் கேட்கலாம். அனுப்புவது 2.4 கிகாஹெர்ட்ஸில், வலச்சுழியாக. டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது சுழற்சி தலைகீழாகும் என்பதை மறக்காதீர்கள். டிஷ்ஷின் குவியத்தில் வைக்கும் ஹெலிக்ஸ் (சுருள் ஆண்டெனா) இடச்சுழியாக இருந்தால்தான் வானுக்கு வலச்சுழி போகும். ஹெலிக்ஸைச் சரியாகச் சுற்றிவிட்டதாக நினைத்து வாரக்கணக்கில் தவித்தவர்கள் பலர்.

முதல் பாஸ்

அனுப்ப உரிமம் வேண்டும், அது கைக்கு வரும்வரை கேளுங்கள். எந்தச் செயற்கைக்கோள் எப்போது வரும் என்பதை ஜிபிரெடிக்ட், லுக்4சாட் போன்ற செயலிகள் சொல்லும். சுற்றுப்பாதைத் தரவை வாரம் ஒருமுறையாவது புதுப்பியுங்கள். உச்சக் கோணம் 40 முதல் 60 டிகிரி உள்ள பாஸைத் தேர்ந்தெடுங்கள். நேர் உச்சிப் பாஸ் கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் தலைக்கு மேலே ஆண்டெனாவைப் புரட்டும் அவசரத்தில் முதல்முறை தடுமாறிவிடுவோம்.

எழும் திசை, உச்சம் தொடும் திசை, மறையும் திசை மூன்றையும் முன்கூட்டியே தரையில் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கோணத்தை அளக்கக் கையே போதும். நீட்டிய கையில் ஒரு சாண் சுமார் 20 டிகிரி, மூடிய முட்டி சுமார் 10 டிகிரி. இந்த யாகியின் கற்றை அகலமானது, அரைச் சாண் தவறினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டருக்கு அனுப்புவது 145.990, ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்ந்து போகும் 67 ஹெர்ட்ஸ் டோனோடு. கேட்பது 437.800. நிலையம் நம்மை நோக்கி வரும்போது டாப்ளர் விளைவால் அதிர்வெண் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் உயர்ந்து தெரியும், விலகும்போது அதே அளவு தாழும். அதனால் 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என ஐந்து நினைவகங்களில் போட்டு வைத்து, பாஸ் நகர நகர ஒவ்வொன்றாக இறங்குங்கள். 2 மீட்டரில் விலகல் மூன்றரை கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்குவதால் எஃப்.எம்மில் அதைத் தொட வேண்டாம். 2002 டிசம்பரில் ஏவப்பட்ட எஸ்.ஓ-50க்கு 145.850இல் அனுப்பி 436.795இல் கேட்க வேண்டும். அது உறக்கத்தில் இருந்தால் 74.4 ஹெர்ட்ஸ் டோனோடு இரண்டு நொடி அனுப்பினால் பத்து நிமிடத்துக்கு விழிக்கும். பிறகு 67 ஹெர்ட்ஸ் டோனில் பேசலாம்.

சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் ஸ்குவெல்ச்சை முழுதாகத் திறந்துவிடுங்கள், இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். காதில் ஹெட்போன் இருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் குரலே சுற்றிச்சுற்றி ஊளையிடும். இரைச்சல் மெலிந்து அமைதியாகும் கணத்தில் செயற்கைக்கோள் வந்துவிட்டது என்று பொருள். இப்போது மணிக்கட்டைத் திருப்பி, குரல் மிகத் தெளிவாக இருக்கும் கோணத்தில் நிறுத்துங்கள். சில நொடியில் மங்கும், மறுபடி திருப்புங்கள். சிக்னல் குறையும்போது முதலில் திருப்பிப் பாருங்கள், பிறகு அதிர்வெண்ணை ஒரு படி மாற்றுங்கள், அதற்குப் பிறகுதான் குறியை நகர்த்த வேண்டும். இந்த வரிசை பழகிவிட்டால் பாஸ் உங்கள் வசம்.

யாரும் பேசாத இடைவெளி வரும்வரை காத்திருந்து, உங்கள் அழைப்புக்குறியை ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். உங்கள் குரல் மேலே போய் ஹெட்போனில் திரும்பி வரும். முதல்முறை அது கேட்டபோது அடுத்துச் சொல்ல வேண்டியது எனக்கு மறந்துபோயிற்று. மறுமுனையில் யாரோ ஒருவர் பொறுமையாக என் குறியைத் திருப்பிச் சொன்னார். நிலையம் மறைந்து, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றிவிட்டு வரும்போது அதன் தடம் இன்னும் மேற்கே தள்ளியிருக்கும். தரையில் வைத்த அடையாளங்களை அதற்கேற்ப மாற்றிவிட்டுக் காத்திருங்கள்.